20 நிமிஷம் ஜிடிஏ ஆடினா 98 டிகிரி, எஃப்பிஎஸ் 25க்கு விழுது. ரீபாலிங் பண்ணியே ஆகணுமா?

ஆற்காடு ரோட்டுக்காரன்:
வணக்கம் மக்களே. 2021ல வாங்கின லேப்டாப். ஐ5 11400எச், ஆர்டிஎக்ஸ் 3050, 16 ஜிபி ரேம். கம்பெனி பேர் வேண்டாம், விடுங்க. வீடு வளசரவாக்கம், மூணாவது மாடி, தலைக்கு மேல நேரா மொட்டை மாடி. கத்திரி ஆரம்பிச்ச நாள்ல இருந்து இந்தத் தொல்லை.

ஜிடிஏ 5 கேம் போட்டா முதல்ல 90 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 90 படம்), வெண்ணெய் மாதிரி போகும். 20 நிமிஷத்துல ஃபேன் கத்த ஆரம்பிக்கும். ஹால்ல சீரியல் பார்த்துட்டிருக்கிற அம்மா "மிக்ஸிய யாருடா போட்டது"ன்னு கேக்குறாங்க. டபிள்யூ, ஏ, எஸ், டி நாலு கீ மேலயும் விரல் வைக்க முடியல, அவ்ளோ சூடு. அப்புறம் பொத்துன்னு 25 எஃப்பிஎஸ். பத்து செகண்ட்ல திரும்ப ஏறும், திரும்ப விழும். காரை ஓட்டிட்டுப் போறப்பவே ஸ்லைடு ஷோ ஆயிடுது.

1,200 ரூபாய்க்கு கூலிங் பேட் வாங்கினேன். நீல லைட் நல்லா எரியுது, வேற ஒண்ணும் இல்ல. பக்கத்துக் கடையில காட்டினா, திறந்துகூட பார்க்காம "கிராபிக்ஸ் சிப் போயிடுச்சு தம்பி, ரீபாலிங் பண்ணணும், 6,500"னு சொல்றாங்க. சிப்பைக் கழட்டி அடியில இருக்கிற சால்டர் உருண்டைகளை மாத்துறதாம். நிஜமாவா?

கூல்டிரிங்க்ஸ்:
ஏசி ரூம்ல வச்சு ஆடு ப்ரோ. முடிஞ்சது.

ஆற்காடு ரோட்டுக்காரன்:
ஏசி அப்பா ரூம்ல இருக்கு ப்ரோ. அங்க ஆடினா லேப்டாப் கூலா இருக்கும், அப்பா சூடாயிடுவார்.

பழைய சால்டரிங் அயர்ன்:
தம்பி, அந்த 6,500ஐ பையிலயே வச்சுக்கோங்க. 18 வருஷமா போர்டு வேலை பார்க்கிறேன். சிப்புக்கு அடியில அந்த சால்டர் உருண்டை விட்டுப் போனா ஸ்க்ரீன்ல கோடு வரும், கட்டம் கட்டமா தெரியும், இல்ல டிஸ்ப்ளேவே வராது. சூடானா இறங்கி, ஆறினா தானே ஏறுறது அந்த நோய் இல்ல. உங்க ப்ராசஸருக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொடப்போகுதுன்னா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அதாவது உங்க லேப்டாப் கெட்டுப்போகல, தன்னைக் காப்பாத்திக்குது.

மூணு விஷயம் சொல்லுங்க. எங்க வச்சு ஆடுறீங்க? கடைசியா எப்ப திறந்து சுத்தம் பண்ணீங்க? சூட்டைக் காட்டுற எச்டபிள்யூ இன்ஃபோ ஆப் போட்டுப் பார்த்தா சிபியு (ப்ராசஸர்) எவ்ளோ, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) எவ்ளோ காட்டுது?

ஆற்காடு ரோட்டுக்காரன்:
சிபியு 98, ஜிபியு 84. 4 ஜிகாஹெர்ட்ஸ்ல ஓடிட்டு இருந்தது 1.3க்கு விழுது. தெர்மல் த்ராட்லிங் (சூட்டால வேகம் குறையுறது) வரிசையில சிவப்புல "யெஸ்"னு இருக்கு. ரூம் மத்தியானம் 37, ராத்திரி 9 மணிக்கும் 34. மேல இருக்கிற கான்கிரீட் ராத்திரி முழுக்க அனல் விடுது. திறந்ததே இல்லண்ணே. வைக்கிறது... மெத்தையில, தலகாணி மேல. கூலிங் பேட் அந்தத் தலகாணி மேலதான்.

பழைய சால்டரிங் அயர்ன்:
தலகாணியா! காத்தை உள்ள இழுக்கிற ஓட்டை அடியிலதான் இருக்கு. தலகாணி பள்ளத்துல பேட் அமுங்கினா, பேட் ஃபேனுக்கே காத்து இல்ல.

ரூம் கணக்கையும் பாருங்க. வெறும் காத்தை வச்சு ஆத்துற எந்த ஹீட்சிங்கும் (சிப்போட சூட்டை வாங்கி வெளிய விடுற தகடு) ரூம் சூட்டுக்குக் கீழ இறங்காது. ரூம் 12 டிகிரி ஏறினா சிப்பும் ஏறக்குறைய அதே 12 ஏறும். ஏசியில 82 காட்டுற சிப் உங்க ரூம்ல 94 காட்டும். ஏசின்னு சொன்ன தம்பி சொன்னதும் தப்பில்ல, ஆனா அது பாதி வைத்தியம்தான்.

அடுத்தது தூசி. மெட்ரோ வேலை நடந்த ரோட்டுல நாலு வருஷத்துக்கு மேல திறக்காத லேப்டாப்பா? ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவுல என்ன உக்காந்திருக்குன்னு நீங்களே பாருங்க. ஷட் டவுன் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கி, அடி மூடியைக் கழட்டினதும் முதல் வேலையா பேட்டரி கனெக்டரை எடுத்துடணும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுத்தக் கூடாது, பல்குத்துற குச்சியால நிறுத்திப் பிடிங்க. வீட்டு வேக்குவம் கிளீனரைக் கிட்ட கொண்டு போகாதீங்க.

சூட்டைக் கடத்துற தெர்மல் பேஸ்டும் காய்ஞ்சிருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புக்கும் செம்புக்கும் நடுவுல இருக்கிறது ஓரத்துக்குப் பிதுங்கிடும். ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்துல 1, 2, 3னு நம்பர் இருக்கும். மாட்டும்போது அந்த வரிசையில கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. பழைய பேஸ்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போட்டா போதும். வசதி இருந்தா ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட், அது சூட்டுல இளகி தானே பரவிக்கும், சீக்கிரம் பிதுங்காது. எவனாவது பேஸ்டுக்குப் பதிலா லிக்விட் மெட்டல்னு சொன்னா ஓடிடுங்க. அதுல இருக்கிற காலியம் அலுமினியத்தை அரிச்சுடும், ஒரு சொட்டு போர்டுல விழுந்தா ஷார்ட்டு.

ரிச்சி ஸ்ட்ரீட்ல பேஸ்ட் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பாதிக்கு மேல ஷட்டர் போட்டிருக்கும்.

திருவான்மியூர் உப்புக்காத்து:
அண்ணா சொன்னதோட என் அனுபவம் ஒண்ணு. சார்ஜரைக் கழட்டாமலே ரெண்டு கோடை ஆடித் தீர்த்தேன். ஒருநாள் டச்பேட் கிளிக் ஆகல. பார்த்தா அடியில பேட்டரி பூரி மாதிரி உப்பி நிக்குது. சூடும் 100 சதவீத சார்ஜும் சேர்ந்தா பேட்டரிக்கு ஆகாது. உங்க லேப்டாப் கூட வந்த ஆப்ல சார்ஜை 80லயோ 60லயோ நிறுத்துற வசதி இருந்தா இன்னைக்கே போட்டு விடுங்க தம்பி. உப்பின பேட்டரியை மட்டும் நீங்களே குத்திப் பார்க்காதீங்க.

எஃப்பிஎஸ்ஸையும் 60ல கட்டி வைங்க. என்விடியா கண்ட்ரோல் பேனல்ல மேக்ஸ் ஃப்ரேம் ரேட்னு இருக்கு. சில கேம்ல மெனுவே 200, 300 எஃப்பிஎஸ்ல சும்மா ஓடி சூடாக்கும். யாருக்காக ஓடுதுன்னே தெரியாது.

கூல்டிரிங்க்ஸ்:
அண்டர்வோல்ட்டை, அதான் ப்ராசஸருக்குப் போற வோல்டேஜைக் குறைக்கிறதை, யாருமே சொல்லல?

பழைய சால்டரிங் அயர்ன்:
2019 டிசம்பர்ல பிளண்டர்வோல்ட்ங்கிற பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்ததுல இருந்து நிறைய இன்டெல் லேப்டாப்ல பயாஸ்லயே அதுக்குப் பூட்டு போட்டுட்டாங்க. த்ராட்டில்ஸ்டாப் ஆப்ல முயற்சி பண்ணலாம், நம்பி உக்கார வேண்டாம். அதுக்குப் பதிலா விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 99 வச்சா டர்போ (ப்ராசஸர் தானே வேகத்தை ஏத்திக்கிறது) நிக்கும். வேகம் குறையும், சூடு நல்லா இறங்கும்.

ஆற்காடு ரோட்டுக்காரன்:
பண்ணிட்டேன்! மூடியைக் கழட்டினதும் ஃபேன் சுத்தமா இருக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது. ஃபேனைத் தூக்கினதுக்கு அப்புறம்தான் கதை. தகடுக்கு முன்னாடி சாம்பல் கலர்ல ஒரு பட்டை, இட்லித் துணி மடிச்சு வச்ச மாதிரி. சாமணத்துல இழுத்தா கிழியாம ஒரே துண்டா வந்துடுச்சு. ஃபேன் அச்சுல அக்காவோட முடி நாலு சுத்து. அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆச்சு.

பேஸ்ட் எம்எக்ஸ்-4. டேபிள் மேல வச்சு, பின்பக்கம் ரெண்டு கேரம் காயின் முட்டுக் குடுத்து, 60 எஃப்பிஎஸ்ல ஒரு மணி நேரம் ஆடினேன். சிபியு 84, ஜிபியு 73. மத்தியான வெயில்ல சிபியு 89 வரைக்கும் போச்சு, ஆனா ஒரு தடவைகூட விழல. மிக்ஸி சத்தம் மட்டும் லேசா இருக்கு.

ஒரே சந்தேகம். சின்ன ஸ்க்ரூ ஒண்ணு மிச்சம் இருக்கு. அடி மூடியில எல்லா ஓட்டையும் நிறைஞ்சிருக்கு.

பழைய சால்டரிங் அயர்ன்:
தலை அகலமா, குட்டையா இருக்கா? எஸ்எஸ்டியை (டேட்டா இருக்கிற சின்ன கார்டு) கழட்டினீங்களா?

ஆற்காடு ரோட்டுக்காரன்:
அடியில தூசி இருக்குமோன்னு கழட்டினேன்ணே. இப்ப திறந்து பார்த்தேன். எஸ்எஸ்டி ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது.