தங்கவயலில் வேலை பார்த்த அப்பாவோடு கார்ன்வால் சுரங்க ஊரில் நாலு நாள்: போகலாமா?

மில்டன்கீன்ஸ்_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், வயது 74. கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை, 2001-இல் மூடும் வரை. லண்டனில் பாலம், அரண்மனை எல்லாம் காட்டியாயிற்று. மரியாதைக்குப் பார்த்தார், அவ்வளவுதான். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலில் பென்டீன் என்ற ஊரில் பழைய சுரங்கத் தொழிலாளர் வீடு ஒன்று வாடகைக்குக் கிடைக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் நாலு இரவு. பையனுக்கு 9, பெண்ணுக்கு 6. கடல் பக்கத்தில்தான் என்கிறார்கள்.

பிள்ளைகள் இறங்கி விளையாடக் கடற்கரை உண்டா? அப்பாவுக்கு முழங்கால் வலி, எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும்? இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிய கவலை: மூடிக் கிடக்கும் சுரங்கத்தைப் பார்த்தால் அவர் மனசு உடைந்துவிடுமோ? சாம்பியன் ரீஃப் மூடின வருடம் அவர் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பாறையோரம்:

கடற்கரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பென்டீனுக்குக் கீழே போர்த்தெராஸ் என்ற இடம் இருக்கிறது. அழகான மணல், கூட்டமே இருக்காது. ஆனால் 1963-இல் அங்கே கரைதட்டிய கப்பலைப் பிறகு வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் இரும்புத் துண்டுகள் இன்னும் மணலுக்குள் கிடக்கின்றன, எச்சரிக்கைப் பலகையும் உண்டு. பிள்ளைகளைச் செருப்பில்லாமல் விடாதீர்கள். குளிக்க சென்னன் கோவ் போய்விடுங்கள், கோடையில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள்.

அப்புறம், பென்டீன் கரை முழுக்கப் பழைய ஷாஃப்டுகள், அதாவது ஆழமான சுரங்கக் குழிகள். பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கவே கூடாது. பிள்ளைகளிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆண்டர்சன்பேட்டை_மகன்:

தங்கச்சி, கண்டிப்பாகப் போங்கள். நானும் தங்கவயல்தான். எங்கள் நைனா நந்திதுர்க்கம் மைனில் முப்பது வருடம், மரம் முட்டுக் கொடுக்கும் கேங்கில். ஆறு வருடத்துக்கு முன்பு அவரை இதே பென்டீனுக்கு அழைத்துப் போனேன். அதனால் உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஊருக்குப் பக்கத்திலேயே கீவர் என்ற வெள்ளீயச் சுரங்கம் இருக்கிறது. 1990-இல் வேலை நின்றது, 1993 முதல் அருங்காட்சியகம். அங்கே 'டிரை' என்று ஒரு கூடம். மேலே ஏறி வந்தவர்கள் குளித்து உடை மாற்றிய இடம். கடைசி ஷிஃப்ட் ஆட்கள் விட்டுப் போனபடியே வைத்திருக்கிறார்கள். செந்நிறச் சேறு காய்ந்த ஓவரால்கள், ஸ்டிக்கர் ஒட்டிய லாக்கர்கள், வரிசையாக பூட்ஸ். நைனா எதையும் தொடவில்லை. ஒரு ஜோடி பூட்ஸுக்கு முன்னால் குனிந்து குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. "இவன் காலைச் சாய்ச்சு வெச்சு நடக்கிறவன். ரொம்ப நாள் பாரம் தூக்கியிருக்கான்" என்றார்.

அன்று எங்களுக்குச் சுற்றிக் காட்டியவரும் அதே சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். நைனாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வரும். சுற்றிக் காட்டியவர் பேசிய கார்ன்வால் இங்கிலீஷ் எனக்கே பாதிதான் புரிந்தது. ஆனால் அவர் இரும்புக் கம்பியால் மேல்பாறையைத் தட்டிக் காட்டுவதுபோல் கையைத் தூக்கியதும் நைனா முந்திக்கொண்டார். "டங்குன்னா கெட்டி, டொப்புன்னா ஓடிரு." நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் நைனாவின் முதுகில் தட்டினார். இரண்டு பேரும் கால் மணி நேரம் கையாலேயே பேசிக்கொண்டார்கள்.

மனசு உடையுமா என்று கேட்டீர்கள். நைனா அங்கே அழவில்லை. ராத்திரி சாப்பிட்ட பிறகு, ஏர் பிளாஸ்டில் பாறை வெடித்துச் செத்துப்போன தன் கூட்டாளியைப் பற்றிப் பேசினார். என் நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக அந்தப் பெயரைக் கேட்டேன். கேட்க ஆள் இருந்ததால் பேசினார் என்றுதான் நினைக்கிறேன். நீங்களும் அன்று சாயங்காலம் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி தங்கவயலில் இறங்கியபோது மேற்பார்வைக்கும் இயந்திரத்துக்கும் அனுப்பிய ஆட்களில் நிறையப் பேர் கார்ன்வால்காரர்கள். இங்கே செம்பு விலையும் அப்புறம் வெள்ளீய விலையும் விழுந்ததும் அவர்கள் ஊரை விட்டு உலகமெல்லாம் போனார்கள். வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஆட்கள் அவர்களுக்குக் கீழே தோண்டினார்கள். கூலியிலும் வீட்டிலும் இருந்த வித்தியாசம் உங்கள் அப்பாவுக்கு நன்றாகவே தெரியும். நைனாவுக்கு அந்தக் கோபம் கடைசி வரை இருந்தது, நியாயமான கோபம். ஆனால் பென்டீனின் சின்னச் சின்ன கருங்கல் வீட்டு வரிசைகளைப் பார்த்ததும், "இவங்களும் லைன் வீட்லதான் இருந்திருக்காங்க" என்றார்.

நடைக்கு வருகிறேன். கீவரில் தரைக்கு அடியில் அழைத்துப் போகும் பகுதி மிகப் பழையது. குறுகல், பல இடத்தில் குனிந்துதான் போக வேண்டும். முழங்கால் வலிக்கு ஒத்துவராது. ஹெல்மெட் தருவார்கள். பையனை உங்கள் கணவரோடு அனுப்பிவிட்டு நீங்கள் அப்பாவோடு டிரையிலேயே இருங்கள். அங்கே அவருக்கு ஒரு மணி நேரம் போதாது.

அங்கிருந்து கரையோரமாகக் கொஞ்ச தூரத்தில் லெவான்ட், காரிலும் போகலாம். 1840-இல் செய்த நீராவி இயந்திரத்தைத் தொண்டர்கள் பழுதுபார்த்து ஓட வைத்திருக்கிறார்கள். அந்தச் சுரங்கம் கடலுக்கு அடியில் ஒரு மைலுக்கு மேல் போகிறது. ஆட்கள் ஏறி இறங்க அந்தக் காலத்தில் அங்கே கேஜ் (லிஃப்ட் போன்ற கூண்டு) கிடையாது, மேலும் கீழும் அசையும் நீளமான மரத்தண்டில் படிப் படியாக மாறி நிற்க வேண்டியிருந்தது. 1919 அக்டோபர் 20 அன்று, ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் ஏறி வரும்போது அந்தத் தண்டைப் பிடித்திருந்த இணைப்பு முறிந்தது. 31 பேர் இறந்தார்கள். அதைக் கேட்டதும் நைனா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். திரும்பிக் காருக்கு வரும் வரை போட்டுக்கொள்ளவில்லை.

போட்டலாக்கில் பாறை விளிம்பில் கடலை ஒட்டி இரண்டு இயந்திர வீடுகள் (சுரங்கத்தின் நீராவி இயந்திரம் இருந்த பழைய கட்டடங்கள்) நிற்கும். படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இறங்கும் பாதை கரடுமுரடு. அப்பாவை மேலேயே நிறுத்திக் காட்டுங்கள், அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.

வீட்டைப் பற்றி: சுவர் தடிமன், போன் சிக்னல் கிடைப்பது கஷ்டம். நாங்கள் எடுத்த வீட்டில் இரண்டாம் நாளே ஹீட்டர் நின்றுவிட்டது, நைனா இரண்டு கம்பளிக்குள் படுத்தார். ஆகஸ்ட் என்று நம்பாதீர்கள், கடல் மூட்டம் ஏறினால் பத்தடி தெரியாது. ஸ்வெட்டர், மங்கி கேப், தைலம் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, ரசப்பொடியும்தான். மற்றபடி காய், பால் பக்கத்து ஊரான செயின்ட் ஜஸ்டில் கிடைக்கும். அங்கே பேஸ்டி வாங்கித் தாருங்கள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு (swede) என்ற மஞ்சள் கிழங்கு வைத்து மடித்தது. சுரங்கத்துக்குள் எடுத்துப் போன சாப்பாடு. கறி வேண்டாமென்றால் சீஸ் வைத்ததும் உண்டு. "எங்களுக்குத் தூக்கு, இவங்களுக்கு இது" என்று நைனா முழுசாகச் சாப்பிட்டார்.

மில்டன்கீன்ஸ்_அம்மா:

அண்ணா, ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அப்பாவிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். பூட்ஸ் வரைக்கும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், "எந்தக் கால்னு கேளு" என்றார். காலையில் எழுந்ததும் முதல் கேள்வி, "பதில் போட்டாரா?" வீட்டை உறுதி செய்துவிட்டோம்.

ஆண்டர்சன்பேட்டை_மகன்:

இடது கால், தங்கச்சி. வெளிப்பக்கம் தேய்ந்திருந்தது. கீவர் வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை, நீங்கள் போகும் நாளைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா நந்திதுர்க்கத்துப் பக்கம் யாரையாவது தெரிந்து வைத்திருந்தாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.