புதுப்பிப்பு: தங்கைக்கு இதழியல் படிப்பு, முடிவாகிவிட்டது

பிளஸ் டூ முடித்த தங்கைக்கு இதழியல் ஆசை, கடலூர் பக்கம் கையைக் கடிக்காத நல்ல கல்லூரி எது என்று முன்பு கேட்டிருந்தேன். பாதிப் பேர் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) என்றீர்கள், மீதிப் பேர் 'முதலில் ஏதாவது ஒரு டிகிரி' என்றீர்கள். இரண்டாவது கட்சிதான் ஜெயித்தது.

விஸ்காம் உள்ள ஒரு தனியார் கல்லூரிக்கு நேரில் போனோம். ஸ்டூடியோ பூட்டிக் கிடந்தது. சாவியைத் தேடி எடுத்து வந்து திறந்தால், கேமரா உறைமேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. மாணவர்கள் எடுத்த குறும்படம், நடத்தும் இதழ் ஏதாவது காட்டுங்கள் என்றதற்கு ப்ராஸ்பெக்டஸை நீட்டினார்கள். கட்டணத்தைக் கேட்டதும் அப்பா, "சரிம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டார்.

இப்போது கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ். கட்டணம் பெயருக்குத்தான். அப்புறம் காலாப்பட்டு புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. மக்கள் தொடர்பியல். எந்த இளநிலைப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகம், அதனால் க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வை முதுநிலைக்கு எழுத வேண்டும். 107.8-இல் வரும் 'புதுவை வாணி' சமுதாய வானொலி அந்தப் பல்கலைக்கழகத்துடையதுதான். அவளை இழுத்ததே அதுதான்.

சென்னை லயோலா, எம்.சி.சி. என்று சொன்னவர்களுக்கு: படிப்பு நல்லதுதான், ஆனால் விடுதிச் செலவையும் சேர்த்தால் கணக்கு எகிறுகிறது.

ஆங்கிலம் கொஞ்சம் இடிக்கிறது. தினமும் ஒரு உள்ளூர்ச் செய்தியை இரண்டு மொழியிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன். துறைமுக மீன் விலை பற்றி எழுதியதைப் படித்த அம்மா, "வஞ்சிரம் கிலோ எவ்வளவுன்னே போடலையே" என்றார். எடிட்டர் வீட்டிலேயே இருக்கிறார்.

க்யூட் பழைய வினாத்தாள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.