நியூ ஜெர்சி பனிப்புயல்: ஒரு செயலி 3 அங்குலம், இன்னொன்று 14 அங்குலம் என்கிறது. எதை வைத்துத் திட்டமிடுவது?

எடிசன்வாசி (கேள்வி):

ஞாயிறு இரவு தொடங்கித் திங்கள் மதியம் வரை நீடிக்கும் என்று சொல்லப்படும் பனிப்புயலுக்கு, எடிசனில் ஒரு செயலி 3 அங்குலமும் இன்னொன்று 14 அங்குலமும் காட்டுகின்றன. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பனி அகற்றும் ஒப்பந்தப்படி 6 அங்குலத்துக்கு மேல் விழுந்தால் கட்டணம் வேறு. கூடுதல் வண்டி வேண்டுமென்றால் நாளை, சனிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். ஒரே புயலுக்கு இவ்வளவு வேறுபாடு ஏன்? நடுவே 8 என்று வைத்துக்கொள்ளலாமா?

கரையோரன்:

வேண்டாம் நண்பரே. அந்த இரண்டு எண்களும் புயலின் இரண்டு வெவ்வேறு பாதைகளைச் சொல்கின்றன. சராசரி எடுத்தால் கிடைப்பது இரண்டிலும் சேராத ஒன்றாக இருக்கலாம். அமெரிக்கக் கிழக்குக் கரையோரமாக வரும், நார்ஈஸ்டர் எனப்படும் இவ்வகைப் புயல் கரையை ஒட்டி வந்தால் கடலின் வெப்பக்காற்று உள்ளே புகுந்து பனியை மழையாக்கிவிடும். வெகுதூரம் விலகிச் சென்றால் வறண்ட காற்றுதான் மிஞ்சும். இவற்றுக்கு இடையே, சில இடங்களில் மணிக்கு 2 அங்குலம்கூடக் கொட்டக்கூடிய குறுகலான பட்டைகள் உருவாகின்றன. அவை எந்த ஊரின் மேல் நிற்கும் என்பதை முந்தைய நாளில்கூட உறுதியாகச் சொல்வது கடினம்.

2015 ஜனவரி 26, 27 தேதிகளில் வந்த புயல் இதற்கு நல்ல சான்று. நியூயார்க் நகருக்கு 20 முதல் 30 அங்குலம் வரை கணிக்கப்பட்டு, பனிக்காக முதன்முறையாகச் சுரங்க ரயில்களையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்ததோ 9.8 அங்குலம். ஆனால் அங்கிருந்து சுமார் 50 மைல் கிழக்கே, லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 24.9 அங்குலம் பதிவானது. புயல் வலுவிழக்கவில்லை, சற்றுக் கிழக்கே தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

தண்பொழில்:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் முதலில் கணக்கிடுவது எவ்வளவு நீர் இறங்கும் என்பதைத்தான். ஓர் அங்குல நீருக்கு 10 அங்குலப் பனி என்ற பொது விகிதத்தால் அதைப் பெருக்கியே பல வரைபடங்கள் பனியின் அளவைக் காட்டுகின்றன. உறைநிலையை ஒட்டிய ஈரப்பனியில் அந்த விகிதம் 6 அல்லது 7 ஆகக் குறையும். மேகத்தில் பனித்துகள் வளரும் அடுக்கு மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் 15-ஐயும் தாண்டும். மேலும், தரைக்குச் சில ஆயிரம் அடி உயரத்தில் ஒரு வெப்ப அடுக்கு நுழைந்தால் பனி உருகி, மீண்டும் உறைந்து, சிறு பனிக்கட்டி மணிகளாக விழும். சில வரைபடங்கள் அதையும் பனியாகவே எண்ணிவிடுகின்றன. நீங்கள் பார்த்த 14 அப்படி வந்ததாகவும் இருக்கலாம்.

எடிசன்வாசி:

மிக்க நன்றி. அப்படியானால் ஐரோப்பிய வானிலை மையத்தின் கணினி மாதிரியை மட்டும் நம்பலாமா? அதுவே சிறந்தது என்று பலரும் சொல்கிறார்கள்.

கரையோரன்:

பொதுவாக அதற்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் 2015-இல் நியூயார்க்குக்குப் பெரும்பனி என்று அழுத்திச் சொன்னதே அதுதான். அமெரிக்க மாதிரி குறைவாகக் காட்டியது. எனவே ஒற்றை ஓட்டத்தைப் பார்க்காமல், தொடக்க நிலையைச் சிறிது மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டிய தொகுப்பைப் பாருங்கள். தேசிய வானிலை சேவையின் தளத்தில் 4, 6, 8 அங்குலங்களைத் தாண்டும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று தனித்தனியே கொடுக்கிறார்கள். உங்களுக்குத் தேவை 6-ஐத் தாண்டும் வாய்ப்புதான். கூடுதல் வண்டியின் செலவையும், வண்டி இல்லாமல் மாட்டிக்கொண்டால் ஆகும் இழப்பையும் அந்தச் சதவீதத்தோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். வானிலை பலூன்கள் தரும் தரவு காலை 7, இரவு 7 மணிக் கணிப்புகளில் சேர்கிறது; ஆகவே நாளை மதியம் வரை பொறுத்திருந்து பார்ப்பது நல்லது.

தண்பொழில்:

ஒப்பந்தத்தில் எங்கே, எப்படி அளப்பது என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள் ஐயா. அதிகாரபூர்வப் பதிவுக்கு வெள்ளைப் பலகையில் விழுந்ததை அளக்கிறார்கள். 6 மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் பலகையைத் துடைக்கக் கூடாது. எல்லாம் ஓய்ந்த பிறகு வாகன நிறுத்தத்தில் அளவுகோலை ஊன்றினால், பனி அமுங்கியிருப்பதால் அளவு குறைவாகவே வரும். 6 என்ற எல்லையை ஒட்டி விழுந்தால் ஒப்பந்தக்காரருக்கும் உங்களுக்கும் வழக்கு வருவது அங்கேதான்.