பேர வாவித் தண்ணீரை வரைய உதவுங்கள்

வணக்கம். மூன்று ஞாயிறாகக் கொழும்புப் பேர வாவிக் கரையில் இருந்து, வாவியில் உள்ள சீமா மாலகை பௌத்த விகாரையை நீர்வர்ணத்தில் வரைகிறேன். கட்டடம் சரியாக வருகிறது. தண்ணீரில் விழும் நிழல்தான் சரிவரவில்லை. காற்றில்லாதபோது கூரையின் நீலம் ஒரே துண்டாகக் கிடக்கும். ஒரு அன்னப் படகு போனதும் அது கிடைக்கோடுகளாக உடைந்து, இடையிடையே வானத்தின் வெளிச்சம் எட்டிப்பார்க்கும். என்ன அழகு! அதைப் பிடிக்கத்தான் ஆசை.

ஈரத்தில் பூசினால் எல்லாம் கலந்து சேறாகிறது. காய்ந்தபின் பூசினால் கோடுகள் கம்பி மாதிரி விறைத்து நிற்கின்றன. கொழும்பின் ஈரக்காற்றில் கடதாசி காயவும் நேரமெடுக்கிறது, அதனால் இடைப்பதம் பிடிபடவில்லை. நான் பாவிப்பது சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள கடதாசி, 8ஆம் இலக்க வட்டப் பிரஷ்.

வெளிச்சக் கீற்றுகளை மாஸ்கிங் திரவத்தால் (நிறம் படாமல் தடுத்து, பிறகு உரித்தெடுக்கும் பூச்சு) மறைப்பதா, கடதாசியை வெள்ளையாகவே விடுவதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். வரும் ஞாயிறு பின்னேரம் யாராவது வந்து காட்டித் தந்தால் இன்னும் நல்லது.