ப்ஸல்லோ (‘பாடுகிறேன்’): எந்த வாய்பாட்டில் (வினைத்திரிபு வகையில்) சேரும்? (இலத்தீன் வினை, உதவி தேவை)

கேள்வி:
நான்கு மாதமாக நானாகவே இலத்தீன் படித்து வருகிறேன். வுல்காதா என்ற இலத்தீன் விவிலியத்தில் 1 கொரிந்தியர் 14:15இல் தடுக்கி விழுந்தேன். ‘ஒராபோ ஸ்பீரிதூ, ஒராபோ எத் மெந்தெ, ப்ஸல்லம் ஸ்பீரிதூ, ப்ஸல்லம் எத் மெந்தெ.’ அதாவது, ஆவியோடு வேண்டுவேன், கருத்தோடும் வேண்டுவேன்; ஆவியோடு பாடுவேன், கருத்தோடும் பாடுவேன். வேண்டுவேன் என்பதற்கு ஒராபோ என்றால், பாடுவேன் என்பதற்கு ப்ஸல்லாபோ என்றுதானே வரவேண்டும்? கிரேக்கத்திலிருந்து வந்த பப்திஸோ (திருமுழுக்குக் கொடுக்கிறேன்) முதல் வாய்பாட்டில்தான் இருக்கிறது. அதை நம்பி இதற்கும் ஒரு பக்கம் முழுக்க அட்டவணை எழுதிவிட்டேன். ப்ஸல்லம் அச்சுப்பிழையா?

மறுமொழி 1:
பிழை அச்சில் இல்லை, உங்கள் அட்டவணையில் இருக்கிறது. இது மூன்றாம் வாய்பாடு: ப்ஸல்லோ, ப்ஸல்லிஸ், ப்ஸல்லித், எச்சம் ப்ஸல்லெரெ. எதிர்காலம் ப்ஸல்லம், ப்ஸல்லேஸ், ப்ஸல்லெத். ‘போ’ விகுதி இங்கே ஒட்டாது.

மறுமொழி 2:
நீங்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. தியானம் தமிழுக்கு வந்து ‘தியானி’ ஆனதுபோல, கிரேக்க வினைகள் பெரும்பாலும் முதல் வாய்பாட்டு வாசல் வழியாகத்தான் இலத்தீனுக்குள் வந்தன. இது வேறு வாசலில் புகுந்த விருந்தாளி. கிரேக்கத்தில் இதன் முதற்பொருள் பாடுவதே அல்ல. வில்லின் நாணைச் சுண்டிவிடுவது. அங்கிருந்து யாழ் நரம்பை விரலால் மீட்டுவது, பிறகு மீட்டிக்கொண்டே பாடுவது. விவிலியச் சங்கீதங்களைக் குறிக்கும் ப்ஸல்மூஸ் என்ற சொல்லும் இதன் உறவுதான். கத்திலீனாவின் சதியைப் பற்றி எழுதிய உரோமை வரலாற்றாசிரியர் சல்லுஸ்தியுஸ், செம்ப்ரோனியா என்ற சீமாட்டி குலப்பெண்ணுக்குத் தேவையானதைவிட நேர்த்தியாக யாழ் மீட்டி ஆடுவாள் என்று குத்தும் இடத்தில் இந்த வினைதான் நிற்கிறது. பக்தி வாடையே இல்லை!

கேட்டவர்:
நன்றி ஐயா. அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஆனால் ‘நான் பாடுவேனாக’ என்ற விழைவு வடிவமும் ப்ஸல்லம்தானே? இங்கே எதிர்காலம் என்று எப்படித் துணிவது?

மறுமொழி 1:
தன்மை ஒருமையில் மட்டும் இரண்டும் ஒன்று. படர்க்கைக்குப் போனால் பிரிந்துவிடும்: ப்ஸல்லெத் எதிர்காலம், ப்ஸல்லத் விழைவு. இந்த வசனத்தில் உங்களைக் குழப்பிய ஒராபோவே சாட்சி. அது ஐயத்துக்கு இடமில்லாத எதிர்காலம். அதன் இணையும் அப்படியே. கிரேக்க மூலத்திலும் இரண்டும் எதிர்காலமே.

மறுமொழி 2:
இன்னொரு பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போங்கள். இறந்தகாலம் ப்ஸல்லீ. கிரேக்கரின் எப்ஸேல என்ற இறந்தகால வடிவத்தை இலத்தீன்காரர்கள் தொடவில்லை, தங்கள் வழக்கப்படி ஒன்றைச் செய்துகொண்டார்கள். விளைவு, ‘பாடுகிறான்’, ‘பாடினான்’ இரண்டுமே ப்ஸல்லித். ‘பாடுகிறோம்’, ‘பாடினோம்’ இரண்டும் ப்ஸல்லிமுஸ். அங்கே சுற்றியுள்ள வினைகளைத்தான் பார்க்கவேண்டும்.

கேட்டவர்:
புதிய அட்டவணையில் ப்ஸல்லித் இரண்டு கட்டங்களில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டேன்.