Re: பிக்கப் வண்டியில் பதித்த சூரியத் தகடு: ‘தன்னேற்றம்’ சரிதானா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மின்சார பிக்கப் வண்டியின் கூரையிலும் பின்தொட்டி மூடியிலும் சூரியத் தகட்டைப் பதித்தே விற்றால் அதை என்ன சொல்லி அழைப்பது என்று மதுரை அண்ணன் கேட்டிருந்தார். இழை நீண்டு, கடைசியில் ‘தன்னேற்றம்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. அநேகமாக எல்லோரும் தலையாட்டிவிட்டீர்கள். நான் இன்னும் ஆட்டவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுக் கூரைகளுக்குத் தகடு மாட்டுவது என் பிழைப்பு. வாடிக்கையாளர் ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு எதை எதிர்பார்ப்பார் என்று எனக்குத் தெரியும்.

> ‘தானே ஏற்றிக்கொள்ளும் வண்டி’ என்றால் யாருக்கும் உடனே புரியுமே.

புரியும். தப்பாகப் புரியும்.

இங்கே ஓடும் இரட்டைக் கேபின் பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். தொட்டியின் மேல்பரப்பும் கூரையும் சேர்ந்து தகடு பதிக்க நான்கு சதுர மீட்டர் தேறும். இன்றைய நல்ல சிலிக்கான் தகடு, விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். ஆக உச்சி வெயிலில் 800 வாட். டர்பனில் படுக்கையாகக் கிடக்கும் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு நாலரை யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. குளிர்காலத்தில் அது 3 யூனிட் பக்கம் இறங்கும். சூடு, தூசி, மின்மாற்று இழப்பு எல்லாம் போக, நாள் முழுக்க மொட்டை வெயிலில் நின்ற வண்டிக்கு இரண்டரை யூனிட் கிடைத்தால் நல்ல நாள். இந்த அளவு வண்டி 100 கிலோமீட்டருக்கு 25 முதல் 30 யூனிட் வரை தின்னும். அதாவது ஒரு நாள் வெயிலுக்கு எட்டொன்பது கிலோமீட்டர். சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளேர்வுட் மொத்தச் சந்தைக்குப் போய் முட்டைக்கோஸ் ஏற்றித் திரும்பக்கூடக் காணாது.

வெயில் கொளுத்தும் அப்பிங்டன் ஊர்ப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினால் கணக்கு கொஞ்சம் தேவலை. அங்கே சராசரி 6 யூனிட்டைத் தாண்டும். ஆனால் தகடு சுட்டால் விளைச்சல் குறையும். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் விளைச்சலில் ஏறக்குறைய 0.3 விழுக்காடு போய்விடும். வீட்டுக் கூரையில் தகட்டுக்குக் கீழே காற்றோட வழி விடுகிறோம். வண்டியின் தகரத்தோடு ஒட்டிய தகட்டுக்கு அந்த வழி ஏது?

டொயோட்டா இதை இருவிதமாகச் செய்து பார்த்தது. 2017-இல் ஜப்பானில் விற்ற பிளக்-இன் பிரையஸின் கூரையில் 180 வாட் தகடு இருந்தது. நாளுக்கு அதிகபட்சம் 6.1 கிலோமீட்டர், சராசரி 2.9 கிலோமீட்டர் என்று அவர்களே சொன்னார்கள். 2019-இல் ஷார்ப் நிறுவனத்தோடு சேர்ந்து, 34 விழுக்காட்டுக்கு மேல் திறனுள்ள கலங்களை ஒரு சோதனை பிரையஸின் கூரை, பானெட், பின்கதவு எங்கும் ஒட்டி 860 வாட் எடுத்தார்கள். நிறுத்தி வைத்த நாளில் 44.5 கிலோமீட்டருக்கான மின்சாரம் ஏறும் என்றார்கள். அந்தக் கலங்கள் விண்வெளி வேலைக்கு உருவான வகை. காய்கறி ஏற்றும் வண்டிக்கு அந்த விலை கட்டாது. டெஸ்லா சைபர்டிரக்கை 2019-இல் காட்டியபோது, நாளுக்கு 15 மைல் தரும் சூரியத் தகட்டை வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று எலான் மஸ்க் எழுதினார். 2023 கடைசியில் வண்டி வந்தது, தகடு வரவில்லை.

அப்புறம் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. பெரிய பேட்டரிக்கு நேராக மின்சாரம் அனுப்ப வேண்டுமானால் வண்டியின் கட்டுப்பாட்டுக் கணினிகள் விழித்திருக்க வேண்டும். அவை விழித்திருக்கும் செலவே சில வண்டிகளில் ஓரிரு நூறு வாட் வரும். மேகமூட்டமான நாளில் தகடு தருவதை அவையே குடித்துவிடும். பிரையஸ்காரர்கள் இதற்காகவே நடுவில் ஒரு சிறு பேட்டரி வைத்தார்கள். அது நிரம்பியதும் மொத்தமாகப் பெரியதற்கு மாற்றுவார்கள்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ‘தன்னேற்றம்’ என்றால், சுவரில் செருகவே வேண்டாம் என்றுதான் காதில் விழும். விளம்பரக்காரருக்கு அது இனிக்கும். கலைச்சொல் அகராதிக்கு ஆகாது.

அதற்காகத் தகடே வீண் என்கிறேனா? லெனேசியா அக்கா என் முந்தைய மடலை அப்படித்தான் படித்துவிட்டார். இல்லை அக்கா. காரைவிட பிக்கப்புக்குத்தான் அது அதிகம் பயன்படும், கிலோமீட்டர் கணக்கை மட்டும் மறந்துவிட்டால். 2023-இல் நாம் பட்ட மின்வெட்டை நினைத்துப் பாருங்கள். அன்றாடம் இரண்டரை யூனிட் என்றால் ஒரு வீட்டுக் குளிர்பெட்டி, சில விளக்குகள், வைஃபை, போன்கள் எல்லாவற்றுக்கும் போதும். ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங் என்ற மின்சார பிக்கப்பில் 9.6 கிலோவாட் வரை வெளியே கொடுக்கும் வசதி வந்தது. இங்கே வந்த பிஒய்டி ஷார்க் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த கலப்பின வண்டிதான், பேட்டரி 30 யூனிட் அளவு. அதிலும் தொட்டியிலிருந்தே கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கலாம். கரூ வறள்நிலத்தில் மின்கம்பி எட்டாத பண்ணையில் வேலி போடுகிறவருக்கும், மீன்பெட்டியைக் குளிராக வைத்து விற்கிறவருக்கும் வண்டி நிற்கும் நேரமே அதிகம். நிற்கும்போது சொட்டுச் சொட்டாகச் சேர்வதுதான் இதன் மதிப்பு. சில வாரம் ஓட்டாமல் விட்டாலும் 12 வோல்ட் பேட்டரி செத்துப்போகாது என்பதும் சின்ன லாபமல்ல.

வடிவமைப்பில் உள்ள சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். பிக்கப்பின் தொட்டி ஏற்றி இறக்கவே இருக்கிறது. மூடியில் தகடு பதித்தால், உயரமான சரக்கு வரும் நாளில் மூடியைச் சுருட்டவோ கழற்றவோ வேண்டும். அப்படிச் சரக்கு ஏற்றிய நாளில் மூடித் தகடு வேலை செய்யாது, அது வேலை செய்யும் நாளில் அப்படிச் சரக்கு ஏற்ற முடியாது. கூரையில் ஏணி கட்டினால் அதன் நிழல் விழுந்த கலம் தன் வரிசையையே இழுத்துப் பிடிக்கும். நிழல் பட்ட வரிசையைத் தாண்டி மின்சாரத்தை விடும் மாற்றுவழி டையோடு இருந்தாலும் அந்த வரிசையின் விளைச்சல் போனது போனதுதான். எனக்குக் கேனப்பி, அதாவது தொட்டியின் மேல் நிலையான கூடு, போட்ட வண்டிதான் சரியாகப் படுகிறது. கூரை ஒரே மட்டமாக நீளும், தகடும் அதன்மேல் நிலையாக இருக்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

என் முன்மொழிவு ‘வெயிலூட்டம்’. சுவரில் செருகி நிரப்புவதற்கு ‘மின்னேற்றம்’ ஏற்கெனவே நிலைத்துவிட்டது. தகடு தருவதை வேறு வினையால் சொல்ல வேண்டும் என்பதே என் பக்கம். ஏற்றுவது மூட்டையை ஏற்றுவதுபோல் முழுசாக. ஊட்டுவது குழந்தைக்குச் சோறுபோல் வாய் வாயாக. அளவு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘துணையேற்றம்’ என்று பீனிக்ஸ் நண்பர் சொன்னதும் நல்ல சொல்தான். கார் என்றால் ஒப்புக்கொண்டிருப்பேன். சரக்கு வண்டியில் ‘ஏற்றம்’ என்றால் சுமையும்தானே? ‘துணையேற்றம் அனுமதி இல்லை’ என்று எழுதியிருந்தால் ஓட்டுநர் கூடுதல் மூட்டையைத்தான் இறக்குவார்.

> பாடநூலில் மின்னூட்டம் என்பது வேறு பொருள் ஆயிற்றே?

ஆமாம் ஐயா. தமிழ்நாட்டுப் பாடநூலில் அது துகள்களின் மின்தன்மை. இலங்கையில் அதற்கே மின்னேற்றம் என்பார்கள். அந்தக் குழப்பம் ஏற்கெனவே இருக்கிறது, நாம் புதிதாகக் கூட்டவில்லை. முன்னால் ‘வெயில்’ நிற்கும்போது யாரும் எலக்ட்ரானை நினைக்கப்போவதில்லை. மேகம் போட்டால் வெயில் இல்லையே, அப்போதும் தகடு கொஞ்சம் தருமே என்ற மறுப்புக்கும் இதே பதில்தான். அந்தக் கொஞ்சத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் பயனருக்கு நட்டம் இல்லை.

தகட்டுக்கு: வண்டியின் மேனியோடு சேர்த்துச் செய்தது ‘பதிதகடு’, கடையில் வாங்கிப் பிறகு மாட்டியது ‘மாட்டுதகடு’. இரண்டும் ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று வராது. ‘பதித்தகடு’ என்று எழுதிவிடாதீர்கள். ‘ஒருங்கிணைந்த சூரிய ஒளிமின்னழுத்தத் தகடு’ என்று ஒருவர் போட்டிருந்தார். அதை முழுசாக எழுத என் ரசீதில் இடம் இல்லை.

பிக்கப்புக்குப் புதுச்சொல் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. தமிழ்நாட்டில் குட்டியானை என்று ஒரு வண்டிக்குப் பெயர் விழுந்ததே, அகராதிக்காரர் யாரையும் கேட்டா விழுந்தது? நாங்கள் இங்கே ‘பக்கி’ என்கிறோம். ஆப்பிரிக்கான்ஸில் சின்னத் தொட்டி என்று பொருள். நம் ஊரில் திட்டுச் சொல் என்பதால் சென்னை உறவினர்களிடம் ‘புதுப் பக்கி வாங்கியிருக்கிறேன்’ என்று மட்டும் சொல்ல முடிவதில்லை. எழுத்தில் பிக்கப் போதும்.

அண்ணா, பட்டியலில் வெயிலூட்டம், பதிதகடு, மாட்டுதகடு மூன்றையும் முன்மொழிவாகச் சேர்த்துவிடுங்கள். தன்னேற்றத்தையும் நீக்க வேண்டாம். ஆய்வு வண்டிகள் சிலவற்றுக்கு அது பொருந்தலாம், குறிப்பில் அப்படி எழுதினால் போதும். வெளியே மின்சாரம் கொடுக்கும் அந்த வசதிக்கு இன்னும் யாரும் சொல் வைக்கவில்லை. ‘வெளியூட்டம்’ என்றால் இதோடு இணை சேரும், எதற்கும் மற்றவர்கள் கருத்தைக் கேட்போம். கேனப்பிக்கும் ஏதாவது இருந்தால் போடுங்கள். ‘மூடாக்கு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். தோட்டம் போடுகிறவர்கள் வைக்கோலைத் தேடுவார்கள்.