மடைதிறப்பு: மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஒரு சொல்

அறிவியல் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் 'தற்கொலை செய்துகொள்கிறது' என்று எழுதிவிட்டேன். பத்திரிகைகளில் அப்படித்தான் வரும், நானும் யோசிக்கவில்லை. படித்துப் பார்க்கக் கொடுத்த ஓர் அம்மா, பையனின் இன்சுலின் பேனாவைக் கையில் வைத்தபடியே கேட்டார்: "ஏனுங்க, எம் பையனோட செல்லு எதுக்குங்க தற்கொலை பண்ணிக்கோணும்? வேற செல்லு வந்து அடிக்குதுன்னுதான மேல எழுதிருக்கீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. அடிப்பது உடம்பின் சொந்த நோயெதிர்ப்புப் படையான டி செல்கள்தான். அவை கிரான்சைம்-பி என்ற நொதியை பீட்டா செல்லுக்குள் செலுத்துகின்றன. அது 'பிட்' என்ற புரதத்தை நறுக்குகிறது. நறுக்கிய துண்டு, செல்லுக்கு ஆற்றல் ஆக்கித் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் பாக்ஸ், பாக் என்ற புரதங்களைக் கிளப்பிவிடுகிறது. அவை கூட்டுச் சேர்ந்து வெளிச்சவ்வில் துளை போடுகின்றன. உள்ளே இருந்த சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியே வருகிறது, செல்லைக் கலைக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் காஸ்பேஸ்-9 என்ற நொதி விழிக்கிறது, அப்புறம் செல் பிழைப்பது அரிது. ஏவல் வெளியிலிருந்து, கை மட்டும் செல்லினுடையது. இதைத் தற்கொலை என்பது அநியாயம்.

செல் இப்படிச் சாவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரான அபோப்டோசிஸுக்கு 'உதிர்வு' போதும். 1972இல் அந்தப் பெயரை வைத்தவர்களே இலை உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார்கள். எனக்கு வேண்டியது அந்தத் துளைபடும் கணத்துக்கு ஒரு சொல். இங்கே முன்பு ஒருவர் தந்த 'வெளிச்சவ்வு ஊடுருவுதிறன் மிகைப்பாடு' அரசாணை மாதிரி இருக்கிறது. நான் 'மடைதிறப்பு' என்கிறேன்.

– கோபியிலிருந்து

*

> நான் 'மடைதிறப்பு' என்கிறேன்

அக்கா, சொல் நல்லாயிருக்கு. ஆனால் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மடையைத் திறந்தால் நாலு மண்வெட்டி மண் போட்டு அடைத்துவிடலாம். இங்கே அடைக்க முடியாதே. 'சவ்வுடைப்பு' என்று வைத்தால் என்ன?

– பீளமேட்டிலிருந்து

*

உடைப்பை வேறொன்றுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், தம்பி. உட்சவ்வின் துளை திறந்து, தண்ணீர் புகுந்து, மைட்டோகாண்ட்ரியா உப்பிக் கிழிவது தனிச் சங்கதி. குளம் உடைப்பெடுப்பது அதுதான். பெரும்பாலும் செல் வீங்கி வெடிக்கும் சாவுக்குக் கொண்டுபோகும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் படிப்பவர்கள் குழம்புவார்கள்.

பாக்ஸ் போடும் துளை அப்படியல்ல. அதைத் திறக்கவிடாமல் பிசிஎல்-2 குடும்பத்துக் காவல் புரதங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணி கட்டுகிற ஆள் மாதிரி. அவர் அசந்த இரவில் மடை பிடுங்கிக்கொண்டால், காலையில் போய் அடைத்து என்ன பயன்? கீழ்வயல் நாற்று எல்லாம் முங்கிப் போயிருக்கும்.

பீட்டா செல்லின் கரை ஏற்கெனவே மெலிந்ததுதான். ஆக்சிஜன் கழிவைத் தணிக்கும் கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதிகள் இரண்டும் அதில் குறைவு. போதாததற்கு அழற்சிப் புரதங்கள் தூண்டும் நைட்ரிக் ஆக்சைடு, எலியின் பீட்டா செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தையே முடக்குகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியதை அறிந்து இன்சுலினை வெளியே விடச் செய்வதும் இதே மைட்டோகாண்ட்ரியாதான், அது ஆக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வழியாக. ஆகவே செல் சாகுமுன்பே வேலை தடுமாறும். இதையும் கையேட்டில் ஒரு பத்தி சேர்க்கப் போகிறேன்.

– கோபி

*

சரிங்க அக்கா, உடைப்பை விட்டுக்கொடுத்தேன். ஒன்றே ஒன்று: 'மடைத்திறப்பு' என்று யாராவது த் போட்டுத் திருத்துவார்கள், விடாதீர்கள். மடையைத் திறப்பது, இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது. வினையாக எழுதும்போது பிரித்தே எழுதலாம்: 'பாக்ஸ் மடை திறந்தது'. மைட்டோகாண்ட்ரியாவை இழைமணி ஆக்கும் சண்டையை அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம்.

– பீளமேடு